மேல்முறையீட்டு நாள் தப்பிவிட்டதா? நில வழக்கில் தாமத மன்னிப்பு மனு போடும் வழி

எங்கள் அப்பாவுக்கு 62 சென்ட் புஞ்சை. பக்கத்து நிலத்துக்காரரோடு முன்சீப் கோர்ட்டில் ஏழு வருஷம் வழக்கு நடந்து, ஒரு ஜனவரி 2-ஆம் தேதி எங்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டுக்கு 30 நாள்தான் கெடு. நாங்கள் தாக்கல் செய்ததோ ஜூன் 10. இடையில் அப்பாவுக்குப் பக்கவாதம், நகல் வாங்குவதில் குளறுபடி, தாலுகா ஆபீஸுக்கு வீண் அலைச்சல். நிலம் யாருடையது என்று ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்னால், "ஏன் இவ்வளவு தாமதம்?" என்ற ஒரே கேள்விக்காக எட்டு மாதம் கோர்ட் படியேறினோம்.

இதில் தெரியாமல் போனால் நல்ல வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தமிழ்நாட்டு சிவில் கோர்ட்டுகளில் நடக்கும் முறை இது. வக்கீல் இல்லாமல் செய்யச் சொல்லவில்லை. வக்கீலைப் பார்க்கப் போகும்போது உங்கள் கையில் என்ன இருக்க வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இது.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேல்முறையீடு கெடு தாண்டி வந்தால், தாமதத்தை மன்னிப்பதா இல்லையா என்று முடிவு செய்த பிறகுதான் கோர்ட் வழக்கின் உள்ளே போகும். உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 41, விதி 3ஏ அப்படித்தான் சொல்கிறது. எதிர்த்தரப்பு வாய் திறக்காவிட்டாலும் கெடு தாண்டிய மேல்முறையீட்டைத் தள்ள வேண்டியது கோர்ட்டின் கடமை, அது லிமிட்டேஷன் சட்டத்தின், அதாவது காலவரையறைச் சட்டத்தின், 3-ஆம் பிரிவு. ஆகவே தாமத மனுவைச் சடங்காக நினைக்காதீர்கள். அது தனி வழக்கு. அதற்குத் தனிச் சாட்சியம் வேண்டும்.

1. உங்களுடையது எந்தத் தாமதம்?

எல்லாத் தாமதத்துக்கும் ஒரே மருந்து இல்லை. இரண்டு தரப்பும் ஆஜராகி, விசாரணை நடந்து தீர்ப்பானது என்றால் மேல்முறையீடு. முன்சீப் கோர்ட் தீர்ப்புக்கு எதிராகப் பொதுவாக சப் கோர்ட்டுக்குப் போகிறோம், கெடு 30 நாள். ஹைகோர்ட்டுக்குப் போகும் மேல்முறையீடு என்றால் 90 நாள்.

நீங்கள் ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாக, எக்ஸ்பார்ட்டியாகத் தீர்ப்பாகியிருந்தால், தீர்ப்புச் சொன்ன அதே கோர்ட்டில் அதை ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கும் 30 நாள். சம்மன் உங்களுக்கு முறையாகச் சார்பு செய்யப்படவில்லை, அதாவது கையில் சேர்க்கப்படவில்லை என்றால், தீர்ப்பு உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ணலாம். அந்த நிலையில் இருப்பவர்கள், எப்படி எப்போது தெரியவந்தது என்பதற்கு ஆதாரம் தேடுங்கள். தீர்ப்பை நிறைவேற்றக் கோர்ட் ஊழியரான அமீனா வந்த நாளா, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்த நாளா?

முக்கியமான எச்சரிக்கை: வழக்கையே காலம் கடந்து போட்டால் மன்னிப்பு மனு கிடையாது. தாமதத்தை மன்னிக்க வழி தரும் லிமிட்டேஷன் சட்டத்தின் 5-ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கும் மனுக்களுக்கும்தான். அசல் வழக்குக்கு இல்லை. நிலம் என்னுடையது என்று அறிவிக்கச் சொல்லி உரிமை விளம்புகை கேட்க 3 வருஷம், உரிமையை வைத்து நிலத்தின் சுவாதீனத்தை, அதாவது அனுபவத்தைக் கேட்க 12 வருஷம் என்ற கெடுக்களெல்லாம் போனால் போனதுதான். தீர்ப்பாணையை நிறைவேற்றித் தரக் கேட்கும் நிறைவேற்று மனுவில், அதாவது ஈ.பி.யில், கட்டளை 21-இன் கீழ் போடும் மனுக்களுக்கும் 5-ஆம் பிரிவு கைகொடுக்காது.

2. சான்றிட்ட நகலுக்கு இன்றைக்கே விண்ணப்பியுங்கள்

தீர்ப்புரை (காரணங்களோடு எழுதிய தீர்ப்பு), தீர்ப்பாணை (முடிவைச் சொல்லும் டிகிரி) இரண்டின் சான்றிட்ட நகலும் வேண்டும். இ-கோர்ட்ஸ் செயலியில் உங்கள் வழக்குக்கு உரிய 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் தீர்ப்பைப் படித்துவிடலாம், ஆனால் அந்தப் பிரிண்ட் சான்றிட்ட நகல் ஆகாது.

நகலுக்காகக் காத்திருந்த நாட்களை 30 நாள் கெடுவிலிருந்து கழித்துக்கொள்ள லிமிட்டேஷன் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் விண்ணப்பம் கொடுத்த நாளிலிருந்துதான் அந்தச் சலுகை. "தீர்ப்பாணையே இன்னும் தயாராகவில்லை, வந்ததும் கேட்டுக்கொள்ளலாம்" என்று சும்மா இருந்தால் அந்த நாட்களெல்லாம் உங்கள் கணக்கில்தான் ஏறும். தீர்ப்பான அன்றே, இல்லையென்றால் மறுநாளே, நகல் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.

நாங்கள் இடறியது இங்கேதான். முதல் விண்ணப்பம் ஜனவரி 6-ஆம் தேதியே கொடுத்தாகிவிட்டது. நகலுக்கு எத்தனை ஸ்டாம்ப் வேண்டும் என்று கோர்ட் நோட்டீஸ் பலகையில் பட்டியல் ஒட்டுவார்கள். நம் எண் வந்ததும் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும். எங்கள் தரப்பில் யாரும் அந்தப் பலகையைப் பார்க்கவில்லை. விண்ணப்பம் தள்ளுபடியானது, அதுவரை ஓடிய நாட்களும் போயின. ஜனவரி 20-இல் புதிதாகக் கொடுத்த விண்ணப்பம்தான் கணக்கில் வந்தது. வக்கீல் குமாஸ்தாவிடம் நகல் மனு எண்ணைக் கேட்டு வாங்கி, வாரம் இருமுறை நீங்களே பலகையைப் பாருங்கள்.

நகல் கைக்கு வந்ததும் பின்பக்கத்தைத் திருப்புங்கள். எங்கள் நகலில் ஊதா மையில் ஒரு முத்திரை, அதற்குள் கையால் எழுதிய ஐந்து தேதிகள்: விண்ணப்பித்த நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், ஸ்டாம்ப் கட்டிய நாள், நகல் தயாரான நாள், வழங்கிய நாள். தாமதக் கணக்கு முழுக்க அந்த முத்திரையிலிருந்துதான் பிறக்கிறது. கழிக்கக் கிடைப்பது நகல் தயாரான நாள் வரைதான். தயாரான நகலை நாம் போய் வாங்காமல் விட்ட நாட்கள் கழியாது. எங்களுக்கு பிப்ரவரி 12-இல் தயார், வாங்கியது மார்ச் 14.

3. தாமதம் எத்தனை நாள் என்று துல்லியமாக எண்ணுங்கள்

மனுவில் "சுமார் நூறு நாள்" என்று எழுத முடியாது. ஒரு நாள் பிசகினாலும் ஆபீஸில் திருப்பிவிடுவார்கள். எங்கள் கணக்கையே காட்டுகிறேன்.

தீர்ப்பான ஜனவரி 2-ஐ விட்டுவிட வேண்டும். 3-ஆம் தேதி முதல் நாள். 30-ஆவது நாள் பிப்ரவரி 1. நகலுக்குக் கழிவு ஜனவரி 20 முதல் பிப்ரவரி 12 வரை, இரண்டு நாளையும் சேர்த்து 24 நாள். ஆக, கெடு பிப்ரவரி 25-ஆம் தேதியோடு முடிகிறது. 26-லிருந்து தாமதம். பிப்ரவரியில் 3, மார்ச்சில் 31, ஏப்ரலில் 30, மே மாதம் 31, ஜூனில் தாக்கல் செய்த 10-ஆம் தேதி வரை 10. மொத்தம் 105 நாள்.

கோடை விடுமுறையை நம்பி ஏமாறாதீர்கள். மே மாதம் கீழ்க் கோர்ட்டுகளுக்கு விடுமுறை என்பதால் அந்த மாதம் கணக்கில் வராது என்று எங்கள் ஊரில் பலர் சொன்னார்கள். தப்பு. கெடுவின் கடைசி நாள் விடுமுறைக்குள் விழுந்தால்தான், கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். கெடு அதற்கு முன்பே முடிந்துவிட்டால் விடுமுறை நாளும் தாமத நாள்தான்.

4. தேதிவாரியாகப் பட்டியல், தேதிக்கு ஒரு காகிதம்

எங்கள் வக்கீல் ஆபீஸில் வயதான குமாஸ்தா ஒருவர் இருந்தார். நான் அப்பாவின் உடல்நிலையைச் சொல்லத் தொடங்கியதும் கையமர்த்தி, "தம்பி, அப்பாவுக்கு முடியலங்கறது சரி. எந்தத் தேதியில முடியல? எந்தத் தேதியில எழுந்து உட்கார்ந்தாங்க? அதுக்கு எது அத்தாட்சி?" என்றார். அன்று இரவே ஒரு நாற்பது பக்க நோட்டில் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் தேதி, வலப்பக்கம் ஆதாரம் என்று எழுத ஆரம்பித்தேன். எங்களைக் காப்பாற்றியது அந்த நோட்டுதான்.

பிப்ரவரி 8, பக்கவாதம்: ஆஸ்பத்திரி அனுமதிச் சீட்டு. மார்ச் 1 வரை உள்நோயாளி: டிஸ்சார்ஜ் சம்மரி. ஏப்ரல் கடைசி வரை பிசியோதெரபி: சீட்டும் கட்டண ரசீதுகளும். நான் திருப்பூரில் வேலையில் இருந்தேன் என்பதற்கு கம்பெனி அடையாள அட்டையும் சம்பளச் சீட்டும். எழுதிக்கொண்டே போகும்போது எந்த வாரம் வெறுமையாக நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும். எதிர்த்தரப்பு வக்கீல் கைவைக்கப்போவது சரியாக அந்த வாரத்தில்தான்.

எங்களுக்கு வெறுமையாக நின்றது ஏப்ரல், மே. அந்த நாட்களில் என் தம்பி, பட்டாவை மாற்றிவிட்டால் தீர்ப்பை ஒன்றும் செய்ய முடியாது என்று யாரோ சொன்னதை நம்பி, தாலுகா ஆபீஸுக்கும் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸுக்கும் அலைந்துகொண்டிருந்தான். இது பலரும் விழும் குழி. பட்டா வருவாய்த் துறை ஆவணம், சிவில் கோர்ட் தீர்ப்பை அது அசைக்காது. ஆர்.டி.ஓ.விடம் போடும் பட்டா மேல்முறையீடும் சப் கோர்ட்டில் போடும் மேல்முறையீடும் வேறு வேறு. ஒன்றில் நிற்கும்போது இன்னொன்றின் கெடு நிற்காது.

மருத்துவச் சான்றிதழ் பற்றி ஒரு வார்த்தை. "மஞ்சள் காமாலை, நாட்டு வைத்தியம் பார்த்தேன்" என்று எழுதும் வழக்கம் நம் கோர்ட்டுகளில் பல காலமாக இருக்கிறது. கேட்டுக் கேட்டு அது எடுபடாமல் போய்விட்டது. உண்மையிலேயே காமாலை வந்தவர்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கட்டாயம் இணையுங்கள். வராதவர்கள் அதை எழுதவே எழுதாதீர்கள். பின்தேதி போட்ட சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும் விலகுங்கள். அது வெளிப்பட்டால் மனு மட்டும் போகாது, உங்கள் வார்த்தையின் மேல் கோர்ட்டுக்கு இருக்கும் நம்பிக்கையே போகும்.

5. பிரமாண வாக்குமூலத்தில் என்ன இருக்க வேண்டும், என்ன கூடாது

மனு ஒரு பக்கம்தான். உயிர் அதோடு இணைக்கும் பிரமாண வாக்குமூலத்தில் இருக்கிறது. முதல் வரைவில் எங்கள் வாக்குமூலம் ஆறு பக்கம். அதில் நாலு பக்கம் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், வரப்பு, கிணறு. சீனியர் வக்கீல் அந்த நாலு பக்கத்தையும் அடித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது, ஆனால் அவர் செய்ததுதான் சரி. 2024-இல் உச்ச நீதிமன்றம், நில எடுப்பு வழக்கு ஒன்றில் 5659 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்தபோது, தாமத மனுவில் வழக்கின் தகுதியைப் பார்க்க வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. "எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது" என்பது தாமதத்துக்குக் காரணம் ஆகாது. வழக்கில் வாதிட உருப்படியான விஷயம் இருக்கிறது என்று ஒரே பத்தியில் சொன்னால் போதும்.

நாள் நீளம் மட்டும் மனுவைக் கொல்வதில்லை. 1998-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு சொத்து வழக்கில் உச்ச நீதிமன்றம் 883 நாள் தாமதத்தை மன்னித்தது. எத்தனை நாள் என்பதைவிட, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே அளவுகோல் என்றது. ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் என்பதை அறிவுக்குப் பொருந்தும் வகையில்தான் பார்க்க வேண்டும் என்று 1987-இலேயே, காஷ்மீரின் அனந்தநாக் நில எடுப்பு வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் இந்தத் தீர்ப்புகளைச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சின்னத் தாமதத்துக்கும் காரணம் பொய்யென்றால் மனு தள்ளுபடிதான்.

தப்பு நடந்திருந்தால் ஒளிக்காமல் எழுதுங்கள். தாலுகா ஆபீஸ் அலைச்சலை அப்படியே எழுதினோம், விண்ணப்ப ரசீதையும் இணைத்தோம். வக்கீல் தரப்பில் தவறு என்றால் "வக்கீல் சொல்லவில்லை" என்று ஒரு வரி எழுதினால் நிற்காது. நீங்கள் எப்போது, எப்படி விசாரித்தீர்கள் என்பதும் வேண்டும்.

யார் உறுதி சொல்வது என்பதும் முக்கியம். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருந்தது, வலது கைதான் வரவில்லை. அதனால் இடது பெருவிரல் ரேகை வைத்தோம். வாக்குமூலத்தை அவருக்குத் தமிழில் படித்துக்காட்டி, புரிந்துகொண்டார் என்று அதற்குக் கீழே குறிப்பு எழுதி, வேறொரு வக்கீல் சான்றொப்பமிட்டார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிறகு கேள்வி வரும்.

6. தாக்கல், செலவு, ரிட்டன்

தாமத மனுவைத் தனியாகப் போட முடியாது. மேல்முறையீட்டு மனு, சான்றிட்ட நகல்கள், வக்காலத்து, தாமத மனு, வாக்குமூலம், ஆதாரங்கள், எதிர்மனுதாரர்களுக்கான பிரதிகள் எல்லாம் ஒரே கட்டாக உள்ளே போக வேண்டும்.

பெரிய செலவு மேல்முறையீட்டுக்கான கோர்ட் கட்டணம். மேல்முறையீட்டில் எதைக் கேட்கிறீர்களோ அதற்கு முதல் கோர்ட்டில் எவ்வளவு கட்ட வேண்டுமோ அவ்வளவு. மதிப்பின் மேல் கட்டும் வழக்குகளுக்குத் தமிழ்நாட்டில் 2017 முதல் 3 சதவீதம். தாமத மனுவுக்கான கட்டணம் சொற்பம்தான். அப்புறம் நோட்டீஸ் அனுப்பக் கட்டும் பேட்டா, டைப்பிங், ஜெராக்ஸ், வக்கீல் பீஸ். பீஸைப் பேசும்போது தாமத மனுவுக்கும் மேல்முறையீட்டுக்கும் தனித்தனியாகவா, சேர்த்தா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பணம் இல்லை என்று நாள் கடத்தாதீர்கள். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகாவில் வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, கோர்ட் கட்டணமும் அதில் அடங்கும். தொலைபேசி எண் 15100.

கட்டு உள்ளே போனதும் நம்பர் ஆகிவிட்டது, அதாவது கோர்ட் கோப்பில் ஏற்று எண் கொடுத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். குறை இருந்தால் ரிட்டன் வரும், அதாவது கட்டைத் திருப்பித் தருவார்கள், அதைச் சரிசெய்து திரும்பத் தாக்கல் செய்யவும் நாள் குறிப்பார்கள். அந்த நாளையும் தவறவிட்டால், திரும்பத் தாக்கல் செய்வதில் ஏற்பட்ட தாமதத்துக்கு இன்னொரு மன்னிப்பு மனு! எங்கள் கட்டு இரண்டு முறை ரிட்டன் ஆனது. ஒரு முறை எதிர்மனுதாரர் ஒருவரின் விலாசம் தீர்ப்பாணையோடு ஒத்துப்போகவில்லை. தாமத மனுவுக்கு ஐ.ஏ. (இடைக்கால மனு) எண் கிடைத்தது ஆகஸ்டில்தான்.

7. இந்தக் காலத்தில் நிலத்துக்குப் பாதுகாப்பு இல்லை

இதை யாரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. தாமதம் மன்னிக்கப்பட்டு மேல்முறையீட்டை விசாரிக்க முடிவாகும் வரை, தீர்ப்பாணை நிறைவேற்றத்துக்கு அந்தக் கோர்ட் தடை கொடுக்க முடியாது. முன்பு சொன்ன அதே விதி 3ஏ-தான் இதையும் சொல்கிறது. அதற்குள் எதிர்த்தரப்பு ஈ.பி. போட்டுச் சுவாதீனம் கேட்கலாம். ஆகவே தாமத மனுவில் வாய்தா வாங்குவது உங்கள் நிலத்துக்குத்தான் கேடு. வாரத்துக்கு ஒருமுறை செயலியில் எதிர்த்தரப்பு ஈ.பி. போட்டிருக்கிறதா என்று பெயரைப் போட்டுத் தேடுங்கள். சம்மன் வந்தால் அங்கேயும் ஆஜராகி, தாமத மனு நிலுவையில் இருப்பதைப் பதிவு செய்யுங்கள்.

இன்னும் 30 நாள் முடியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. தீர்ப்புச் சொன்ன கோர்ட்டிலேயே, மேல்முறையீட்டுக் கெடு முடிவதற்குள் மனுப் போட்டு, போதிய காரணம் காட்டினால் தற்காலிகமாக நிறைவேற்றத்தை நிறுத்திவைக்கக் கேட்கலாம்.

8. கவுண்டர், குறுக்கு விசாரணை

நோட்டீஸ் போய், எதிர்த்தரப்பு கவுண்டர், அதாவது எதிருரை, போடுவார்கள். "காரணம் பொய், இழுத்தடிக்கவே மனு" என்று இருக்கும். கோபப்பட வேண்டாம், எல்லாக் கவுண்டரிலும் அந்த வரி இருக்கும். வாக்குமூலத்தை மட்டும் வைத்து வாதம் கேட்கும் கோர்ட்டும் உண்டு, சாட்சிக் கூண்டில் ஏறச் சொல்லும் கோர்ட்டும் உண்டு. எங்கள் வழக்கில் நான் ஏறினேன். கேட்ட கேள்விகளில் பாதி ஏப்ரல், மே பற்றித்தான். "தாலுகா ஆபீஸுக்குப் போக முடிந்தவர்களுக்கு கோர்ட்டுக்கு வர முடியவில்லையா?" என்றார் எதிர் வக்கீல். "முடிந்திருக்கும் ஐயா. பட்டா மாறினால் போதும் என்று தப்பாக நம்பினோம். ரசீது இருக்கிறது" என்றேன். வாக்குமூலத்திலும் அதுவே இருந்ததால் அதற்கு மேல் அவர் அதைத் தொடவில்லை. கூண்டில் ஏறுமுன் உங்கள் வாக்குமூலத்தை மூன்று முறை படியுங்கள். அசல் ஆவணங்களைக் கையில் கொண்டுபோங்கள், ஜெராக்ஸைச் சாட்சிய ஆவணமாகக் குறியிட மாட்டார்கள்.

9. உத்தரவு வந்த அன்று

எங்கள் மனு பிப்ரவரியில், எதிர்த்தரப்புக்கு 2,000 ரூபாய் காஸ்ட் (செலவுத் தொகை) கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதியானது. நிபந்தனை உத்தரவில் ஒரு தேதி இருக்கும். அதற்குள் கட்டாவிட்டால் மனு தானாகத் தள்ளுபடி என்று அதிலேயே எழுதியிருக்கும். பணத்தை அன்றே எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொடுத்து ரசீது வாங்கி, மெமோவோடு (கோர்ட்டுக்குத் தெரிவிக்கும் குறிப்பு) கோர்ட்டில் தாக்கல் செய்யுங்கள். வாங்க மறுத்தால் மெமோ போட்டு கோர்ட்டிலேயே கட்ட அனுமதி கேளுங்கள். கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள்.

மேல்முறையீட்டுக்கு எண் விழுந்ததும் தடை மனுவை அன்றே போடத் தயாராக வைத்திருங்கள். நாங்கள் அதை டைப் செய்து, கையெழுத்து வாங்கி, ஒரு வாரம் முன்பே கட்டில் வைத்திருந்தோம்.

மனு தள்ளுபடியானால் அடுத்தது ஹைகோர்ட், தென் மாவட்டத்தவர்களுக்கு மதுரைக் கிளை. சீராய்வு மனுவா, இரண்டாம் மேல்முறையீடா என்பது உத்தரவு எந்த வடிவில் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. உத்தரவைக் காட்டி வக்கீலிடம் அந்த வாரமே கேளுங்கள். அங்கேயும் கெடு உண்டு. தள்ளுபடி உத்தரவுக்கு நகல் மனுவை அன்று மாலைக்குள் கொடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, மறுபடியும் அந்த நோட்டீஸ் பலகையைப் பார்க்கத் தொடங்குங்கள்.